புரோப்பிலீனைப் பிரிக்கும் ஜிஃப்-8 சவ்வு: விதைப்படிகம் முதல் வாயுச் சோதனை வரை முழு வழிகாட்டி

வீட்டிலுள்ள பிளாஸ்டிக் நாற்காலி, அரிசி மூட்டையின் சாக்கு, ஊசி போடும் சிரிஞ்சு என எல்லாமே பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன்தான். அதைச் செய்ய 99.5 சதவீதம் தூய்மையான புரோப்பிலீன் வாயு வேண்டும். ஆலையில் அது தனியாக வருவதில்லை, கூடவே புரோப்பேனும் வருகிறது. இரண்டுக்கும் மூன்று கார்பன்கள். புரோப்பிலீனில் இரட்டைப் பிணைப்பு உண்டு, புரோப்பேனில் இல்லை. கொதிநிலை புரோப்பிலீனுக்கு மைனஸ் 47.6 டிகிரி செல்சியஸ், புரோப்பேனுக்கு மைனஸ் 42.1. இந்த ஐந்தரை டிகிரி வித்தியாசத்தை நம்பித்தான் நூற்றுக்கும் மேற்பட்ட தட்டுகள் கொண்ட நெட்டைக் கோபுரங்களில் இன்று பிரிக்கிறார்கள். மேலே போன ஆவியைக் குளிரவைத்து மறுபடி கீழே விட்டு, மறுபடி கொதிக்கவைத்து, ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப ஆவியாக்கும் வேலை அது. எத்திலீன், புரோப்பிலீன் இரண்டையும் தூய்மையாக்க மட்டும் உலகின் மொத்த ஆற்றலில் 0.3 சதவீதம் செலவாகிறது என்று 2016-இல் நேச்சர் இதழில் டேவிட் ஷோலும் ரயன் லைவ்லியும் எழுதினார்கள்.

கொதிக்கவைக்காமலே சலித்துவிட முடியுமா? உலோக-கரிமச் சட்டகங்கள், சுருக்கமாக எம்ஓஎஃப், தருகிற நம்பிக்கை அதுதான். உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, ஒரே அளவுத் துளைகள் வரிசையாக அமைந்த படிகமாகக் கட்டுவது எம்ஓஎஃப். இந்தத் துறையைத் தொடங்கி வளர்த்த சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவருக்கும் 2025-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு சவ்வைப் பற்றியது: நுண்துளைகள் கொண்ட அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) வில்லையின் மேல், வெறும் தண்ணீரில், 30 டிகிரியில் வளர்க்கும் ஜிஃப்-8 என்ற எம்ஓஎஃப் படலம். வளர்ப்புக்கு அடுப்பு வேண்டாம், அழுத்தக் கலமும் வேண்டாம். முதன்முதலாகச் சவ்வு செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு கணக்கு

செய்முறைக்குள் போகும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பின்னால் சொல்லும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காரணம் இதுதான்.

நல்ல ஜிஃப்-8 சவ்வின் புரோப்பிலீன் ஊடுதிறன், அதாவது சவ்வைக் கடந்து போகும் வாயுவின் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு விநாடிக்கு, ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு 10⁻⁸ மோல் என்று வைத்துக்கொள்வோம். சவ்வுக்காரர்கள் பேசும் ஜிபியூ அலகில் சுமார் 30. தெரிவுத்திறன், அதாவது இரண்டு வாயுக்களின் ஊடுதிறன் விகிதம், 50 என்றால் புரோப்பேனின் ஊடுதிறன் 2 × 10⁻¹⁰. அடியில் உள்ள வெற்று அலுமினா எந்த வாயுவையும் தாராளமாக விடும், 10⁻⁶ அளவுக்கு. இப்போது படலத்தின் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் விரிசல் என்று வையுங்கள். அந்த விரிசல் வழியே இரண்டு வாயுக்களும் 10⁻⁹ அளவில் பாகுபாடில்லாமல் போகும். புரோப்பிலீன் 1.1 × 10⁻⁸ ஆகிறது, புரோப்பேன் 1.2 × 10⁻⁹ ஆகிறது. வகுத்துப் பாருங்கள்: 50 ஆக இருந்த தெரிவுத்திறன் 9.

999 பங்கு படலம் குறையில்லாமல் இருந்தும் பயனில்லை. படிகத்தை வளர்ப்பது எளிது, அது தானாகவே வளரும். படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவே இடைவெளி விடாமல் வளர்ப்பதுதான் சவ்வுக்காரரின் வேலை.

படி 1: சட்டகத்தைத் தேர்ந்தெடுப்பது

எம்ஓஎஃப் ஆயிரக்கணக்கில் உண்டு. பேர்போன பலவும் இந்த வேலைக்கு ஆகாது. எம்ஓஎஃப்-5 காற்றின் ஈரத்திலேயே சிதையத் தொடங்கும். செம்பு கொண்ட எச்கஸ்ட்-1-இன் துளை 0.9 நானோமீட்டர் அளவு, இரண்டு வாயுக்களும் தோளோடு தோள் உரசாமலே போய்விடும்.

ஜிஃப்-8 துத்தநாக அயனியும் 2-மெத்தில்இமிடசோலும் சேர்ந்தது. 2006-இல் வெளியானது. கொதிநீரில் ஏழு நாள் போட்டு வைத்தும் அமைப்பு குலையவில்லை என்று அப்போதே காட்டினார்கள். உள்ளே 1.16 நானோமீட்டர் அகலமுள்ள அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவே 0.34 நானோமீட்டர் வாசல்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. புரோப்பிலீன் சுமார் 0.40 நானோமீட்டர், புரோப்பேன் அதைவிடச் சற்றே பருமன். 0.34 வாசலில் இரண்டுமே நுழையக் கூடாது. ஆனால் நுழைகின்றன, ஏனென்றால் வாசலைச் சுற்றி நிற்கும் இமிடசோல் வளையங்கள் அசையாத சுவர்கள் அல்ல. கீல் வைத்த கதவுபோல இப்படியும் அப்படியும் ஆடுகின்றன. வாசல் நடைமுறையில் 0.40-இலிருந்து 0.42 வரை திறக்கிறது. புரோப்பிலீன் நெருக்கிக்கொண்டு போகிறது, புரோப்பேன் திணறுகிறது. படிகத்துக்குள் இரண்டின் பரவல் வேகத்தையும் 2009-இல் அளந்தபோது வித்தியாசம் 100 மடங்குக்கு மேல் வந்தது. உள்ளே ஒட்டிக்கொள்வதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜிஃப்-8 பிரிப்பது ஒட்டுதலால் அல்ல, வேகத்தால்.

படி 2: வில்லை

படலத்தின் தடிமன் இரண்டு மூன்று மைக்ரான்தான். தனியாக நிற்காது. 22 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் கனம் கொண்ட ஆல்ஃபா-அலுமினா வில்லை போதும். வாங்கலாம், அல்லது பொடியை அழுத்தி 1100 டிகிரி அளவில் சுட்டுக்கொள்ளலாம்.

ஒரு பக்கத்தை நுண்ணிய உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். மேற்பரப்பில் துளைகள் 100, 200 நானோமீட்டருக்குள் இருப்பது நல்லது. பெரிய குழி இருந்தால் விதைப்படிகங்கள் அதற்குள் விழுந்துவிடும், அந்த இடத்தில் படலம் பாலம்போல் தொங்கும், பின்னால் அங்கேதான் உடையும். தேய்த்த வில்லையை அல்ட்ராசானிக் தொட்டியில் தண்ணீரிலும் மெத்தனாலிலும் கழுவி, முழுக்கக் காயவைத்து, தேய்த்த பக்கம் எது என்று பின்புறத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். ஈரமாக இருக்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும்.

படி 3: விதைப்படிகம்

சவுதி அரேபியாவின் கிங் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜிபிங் லாய் குழு 2011-இல் வெளியிட்ட முறை இது. 1.17 கிராம் துத்தநாக நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட்டை 8 கிராம் அயனி நீக்கிய நீரில் கரையுங்கள். 22.70 கிராம் 2-மெத்தில்இமிடசோலை 80 கிராம் நீரில் தனியே கரையுங்கள். முதலாவதை இரண்டாவதில் ஊற்றிக் கலக்குங்கள். ஊற்றிய கையோடு நீர் பால்போல் வெளுக்கும். அறை வெப்பத்தில் ஐந்து நிமிடம் கலக்கினால் போதும்.

அளவைக் கவனித்தீர்களா? துத்தநாகம் ஒரு பங்குக்கு இமிடசோல் 70 பங்கு. படிகத்துக்குத் தேவைப்படுவது இரண்டு பங்குதான். 22.70 கிராமில் படிகத்துக்குள் போவது அதிகபட்சம் 0.65 கிராம். மீதி எதற்கு? இமிடசோல் தன் புரோட்டானைக் கழற்றிவிட்டால்தான் துத்தநாகத்தைப் பிடிக்க முடியும். தண்ணீரில் அது எளிதாக நடக்காது. அதனால்தான் இமிடசோலை அளவுக்கு மீறிக் கொட்டிக் கரைசலைக் காரமாக வைக்கிறோம். கழிவு நீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், அதில் இமிடசோல் நிறைய இருக்கிறது. தனிக் கேனில் சேர்த்துக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். 2-மெத்தில்இமிடசோல் தோலை அரிக்கும், இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை பட்டியலில் வைத்திருக்கிறது. கையுறை, கண்ணாடி, புகைபோக்கி அறை மூன்றும் கட்டாயம்.

பால் கரைசலை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படியும் வெள்ளைக் களிம்பைத் தண்ணீரில் மூன்று முறை கழுவுங்கள். முழுக்க உலரவிட வேண்டாம். உலர்ந்த படிகங்கள் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும், பிறகு எத்தனை அல்ட்ராசானிக் போட்டாலும் சரியாகப் பிரியாது. ஈரமாகவே மீண்டும் நீரில் கலக்கி, நீர்த்த பால் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தேய்த்த பக்கம் கரைசலைத் தொடும்படி வில்லையைச் சில விநாடிகள் வைத்து எடுங்கள். வறண்ட அலுமினா நீரை உறிஞ்சும், விதைகள் மேலேயே தங்கிவிடும். காய்ந்த பிறகு மேற்பரப்பு சீராக மங்கலாகத் தெரிய வேண்டும். திட்டுத் திட்டாக வெள்ளை தெரிந்தால் விதை தடித்துவிட்டது என்று அர்த்தம், கழுவிவிட்டு மறுபடி போடுங்கள். நாற்றங்காலில் விதையை நெருக்கிக் கொட்டினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும்: மேலடுக்கு மட்டும் வளர்ந்து அடியில் பிடிமானம் இல்லாமல் உரிந்து வரும்.

படி 4: வளர்ப்பு

இப்போது கரைசல் நீர்த்திருக்க வேண்டும். 0.11 கிராம் துத்தநாக நைட்ரேட், 2.27 கிராம் 2-மெத்தில்இமிடசோல், மொத்தம் 40 கிராம் நீர். விகிதம் ஏறக்குறைய அதேதான், தண்ணீர் மட்டும் நாலைந்து மடங்கு. அடர்த்தியாக இருந்தால் கரைசலுக்குள்ளேயே புதுப் படிகங்கள் பிறக்கும். நீர்த்திருந்தால் துத்தநாகத்துக்கு வில்லையின் மேல் ஏற்கெனவே இருக்கும் விதைகளில் சேர்வதுதான் சுலபமான வழி.

வில்லையை நிமிர்த்தி, டெஃப்லான் பிடிப்பானில் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்கவைத்தால் கரைசலில் பிறந்து இறங்கும் படிகங்கள் படலத்தின் மேல் வண்டல்போல் படியும். 30 டிகிரியில் 6 மணி நேரம். இடையில் பாத்திரத்தை ஆட்டாதீர்கள். எடுத்துப் பார்த்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கும்போது மெல்லிய பளபளப்பு தெரியும். அது நல்ல சகுனம்தான், ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஹே-குவோன் ஜியோங் குழு 2013-இல் காட்டிய எதிர்ப்பரவல் முறையில் விதையே வேண்டாம். வில்லையின் துளைகளுக்குள் துத்தநாகக் கரைசலை ஊறவைத்து, அப்படியே இமிடசோல் கரைசலுக்குள் இறக்குவார்கள். உள்ளிருந்து உலோகம் வெளியே வருகிறது, வெளியிலிருந்து இமிடசோல் உள்ளே போகிறது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் படலம். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கேதான் இரண்டும் இன்னும் சந்தித்துக்கொண்டிருக்கும் என்பதால், ஓட்டை தன்னைத்தானே அடைத்துக்கொள்கிறது. அழகான யோசனை. ஆனால் அழுத்தக் கலத்தில் 120 டிகிரி வேண்டும். இரண்டாவது முயற்சிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: உலர்த்துவது

என் முதல் ஆறு வில்லைகள் இந்தப் படியில்தான் போயின. கழுவிய கையோடு 80 டிகிரி அடுப்பில் வைத்தேன், சீக்கிரம் சோதித்துப் பார்க்கும் ஆசை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது வறண்ட ஏரித் தரைபோலப் படலம் முழுக்க வெடிப்பு.

துளைக்குள்ளும் படிகங்களின் நடுவிலும் நீர் இருக்கிறது. அது வேகமாக ஆவியாகும்போது நீரின் பரப்பு இழுவிசை சுவர்களை உள்ளே இழுக்கும். அலுமினா அசையாது. நடுவில் மாட்டிய மெல்லிய படலம்தான் கிழியும்.

ஆகவே: முதலில் வில்லையை மெத்தனாலில் ஒரு நாள் முழுக்க வையுங்கள், நடுவில் ஒரு முறை புது மெத்தனால் மாற்றுங்கள். தண்ணீரைவிட மெத்தனாலின் பரப்பு இழுவிசை மூன்றில் ஒரு பங்குதான். பிறகு வில்லையை ஒரு சிறு கண்ணாடிக் குடுவையில் வைத்து, மூடியை இறுக்காமல் லேசாகத் திறந்து, அறை வெப்பத்தில் இரண்டு நாள் விடுங்கள். காங்கிரீட் தளம் போட்டால் தண்ணீர் கட்டி ஆறவிடுகிறோம் இல்லையா, அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும். கடைசியில் 60 டிகிரியில் ஒரு இரவு. மெத்தனால் எளிதில் தீப்பிடிக்கும், ஆவியும் நஞ்சு. இதெல்லாம் புகைபோக்கி அறைக்குள்தான்.

படி 6: கண்ணால் பார்ப்பது

எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவில் செம்புக் கதிருக்கு முதல் உச்சம் 7.3 டிகிரியில் வந்தால் ஜிஃப்-8 வளர்ந்திருக்கிறது. அது படலம் முழுமை என்பதற்குச் சான்று அல்ல. வில்லையின் மேல் தூவிய பொடிக்கும் இதே உச்சம்தான் வரும். நுண்ணோக்கியில் குறுக்குவெட்டைப் பார்த்துத் தடிமனை அளந்துகொள்ளுங்கள். இரண்டையும் பார்த்துவிட்டுச் சீக்கிரம் அடுத்த படிக்கு வந்துவிடுங்கள். சவ்வின் ஓட்டையை வாயுதான் கண்டுபிடிக்கும், கண்ணால் ஆகாது.

படி 7: வாயுச் சோதனை

வில்லையை இரண்டு ஓ-ரிங்குகளுக்கு நடுவே எஃகுக் கலத்தில் பொருத்துங்கள். போல்ட்டுகளைக் கார் சக்கரத்துக்கு முடுக்குவதுபோல எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் ‘டக்’ என்று மெல்லிய சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் கலத்தைத் திறந்துவிடலாம், வில்லை இரண்டாகியிருக்கும்.

முதலில் நைட்ரஜனை விட்டு, வெளிக்குழாயில் சோப்புக் குமிழி மீட்டர் மாட்டிப் பாருங்கள். வெற்று வில்லையில் குமிழி விறுவிறுவென ஏறும். நல்ல சவ்வில் நகர்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். குமிழி ஓடினால் விலையுயர்ந்த கலவை வாயுவை வீணாக்காமல் அங்கேயே நிறுத்திவிடலாம்.

தேறிய வில்லைக்கு விக்கே-கல்லன்பாக் முறை. மேல்பக்கம் புரோப்பிலீன், புரோப்பேன் இரண்டும் நிமிடத்துக்கு 25 மில்லிலிட்டர் வீதம் சமமாக. அடிப்பக்கம் 50 மில்லிலிட்டர் ஆர்கான், ஊடுருவி வந்ததை அள்ளிக்கொண்டு, கலவையில் எந்த வாயு எவ்வளவு என்று அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபுக்குப் போகும். இரு பக்கமும் 1 பார் அழுத்தம். இரண்டு வாயுக்களும் காற்றில் 2 சதவீதம் சொச்சம் கலந்தாலே தீப்பிடிக்கும். வெளியேறும் குழாய் புகைபோக்கிக்குப் போகிறதா, வாயுக்கசிவு உணர்வி வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே வால்வைத் திறக்கவும்.

எவ்வளவு வாயு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஓ-ரிங்குக்குள் திறந்திருக்கும் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர், புரோப்பிலீனின் பகுதி அழுத்தம் அரை பார் என்றால், நாம் மேலே எடுத்துக்கொண்ட ஊடுதிறனுக்கு நிமிடத்துக்கு 0.15 மில்லிலிட்டர் புரோப்பிலீன் வரும். 50 மில்லிலிட்டர் ஆர்கானில் அது 0.3 சதவீதம். தெரிவுத்திறன் 50 என்றால் புரோப்பேன் பத்து லட்சத்தில் 60 பங்கு. உங்கள் கருவி அந்த அளவில் அளவீடு செய்யப்பட்டிருக்கிறதா? பலருக்கு வரும் வியப்பூட்டும் ‘200’, ‘300’ எல்லாம் புரோப்பேன் உச்சத்தைச் சரியாகப் படிக்காததால் வந்த எண்ணாக இருக்கலாம். நம்பும் முன் செறிவு தெரிந்த நீர்த்த தரவாயுவை விட்டு ஒருமுறை சரிபாருங்கள். சில மணி நேரம் ஓடவிட்டு, அடுத்தடுத்த மூன்று அளவீடுகள் ஒத்துவந்த பிறகே எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணை எப்படிப் படிப்பது? இந்த இரட்டைக்கு ஒரு வசதி இருக்கிறது. வெறும் விரிசல் வழியே போனால், மூலக்கூறு எடைகள் 42, 44 என்று ஒட்டியே இருப்பதால், தெரிவுத்திறன் 1.02-ஐத் தாண்டாது. ஆகவே 5 வந்தால்கூட ஜிஃப்-8 வேலை செய்கிறது என்று அர்த்தம், ஆனால் ஓட்டை இருக்கிறது. 30-க்கு மேல் வந்தால் நல்ல படலம். லாய் குழு 2012-இல் இந்த முறையில் 50 வரை காட்டியது. சீனாவின் தென்சீனத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2018-இல் மின்னோட்டத்தால் வளர்த்து, சட்டகம் ஆடுவதையே இறுக்கி, 300-ஐத் தாண்டியது.

5, 10 என்று நிற்கும் வில்லையைத் தூக்கிப்போட வேண்டாம். மேலே மெல்லிய சிலிக்கோன் ரப்பர் பூச்சு கொடுத்தால் சிறு இடைவெளிகள் அடைபடும். சிலிக்கோன் தானாக இந்த இரண்டையும் பிரிக்காது, ஓட்டையில் தடுப்பாக மட்டும் நிற்கும். ஊடுதிறன் கொஞ்சம் குறையும். பெரிய வெடிப்புக்கு இது உதவாது.

சோதனையில் 1 பாரில் வந்த எண் ஆலை அழுத்தத்தில் அப்படியே இருக்காது, அழுத்தம் ஏறஏறத் தெரிவுத்திறன் இறங்கும். ஆலையில் ஆர்கான் அள்ளிக்கொண்டு போகவும் முடியாது, பிறகு ஆர்கானை யார் பிரிப்பது? வசதி இருந்தால் 3, 5, 7 பார் என்று ஏற்றி, ஆர்கான் இல்லாமலும் அளந்து பாருங்கள். ஈரத்தோடு சேர்ந்த அமில வாயுக்கள் ஜிஃப்-8-ஐ மெல்ல அரிக்கும் என்பதால், உண்மையான ஆலை வாயுவானால் கந்தகத்தை முன்பே நீக்கியிருக்க வேண்டும்.

வில்லையிலிருந்து ஆலைக்கு

மணிக்கு ஒரு டன் புரோப்பிலீன் என்றால் விநாடிக்கு 6.6 மோல். சராசரியாக 5 பார் அழுத்த வித்தியாசம் கிடைத்தாலும், 10⁻⁸ ஊடுதிறனுக்கு 1,320 சதுர மீட்டர் சவ்வு வேண்டும். நம் வில்லைக் கணக்கில் 66 லட்சம் வில்லைகள். சமப் பங்கு கலவையை ஒரு முறை கடத்தினால், தெரிவுத்திறன் 50-க்குக் கிடைக்கும் தூய்மை 98 சதவீதம், அதற்கு மேல் இல்லை. 99.5-க்கு இரண்டாவது சுற்று வேண்டும், அல்லது இருக்கிற கோபுரத்தோடு சேர்த்து அதன் சுமையைக் குறைக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் நடக்கக்கூடியதாகத் தெரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கோபுரத்தை இடித்துவிட்டுச் சவ்வை வைக்க எந்த ஆலையும் துணியாது.

இவ்வளவு பரப்பைப் பெற இரண்டு வழிகள். ஒன்று, ஜிஃப்-8 பொடியைப் பாலிமரில் கலந்து வார்ப்பது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கோரோஸ் குழு 2012-இல் ஒரு பாலிஇமைடில் 48 சதவீத எடைக்கு ஜிஃப்-8 கலந்து, 12 ஆக இருந்த தெரிவுத்திறனை 31-க்கு உயர்த்தியது, ஊடுருவலும் மூன்றரை மடங்கு ஆனது. பாலிமர் இடைவெளியை நிரப்புவதால் விரிசல் பயம் குறைவு. முதலில் ஆலைக்குப் போகக்கூடியது இந்த வகைதான் என்பது என் கணிப்பு.

இரண்டாவது, முடிபோல் மெல்லிய உள்ளீடற்ற பாலிமர் நார்களுக்குள் தூய ஜிஃப்-8 படலத்தை வளர்ப்பது. அதே ஜார்ஜியா டெக்கில் சங்கர் நாயர் குழு 2014-இல் சயன்ஸ் இதழில் இதை வெளியிட்டது. துத்தநாகம் ஆக்டனாலில், இமிடசோல் நீரில். எண்ணெயும் தண்ணீரும்போல் ஒட்டாத இரண்டும் நாரின் சுவரில் சந்திக்கும் எல்லையில் படலம் உருவானது. நார்க்கட்டின் முனைகளில், படலம் சரியாகப் பிடிக்காத இடத்தில், வாயு குறுக்குவழி கண்டது. அந்த முனைகளைச் சிலிக்கோன் ரப்பரால் மூடியபோது ஹைட்ரஜன்-புரோப்பேன் தெரிவுத்திறன் 370 வரை வந்தது, புரோப்பிலீன்-புரோப்பேனுக்கு 12. நாரில் முயல்கிறவர்கள் படலத்தைச் சோதிக்கும் முன் முனைகளை மூடிவிட்டுத் தொடங்குங்கள்.